தள்ளி நிற்கும் தண்ணீர்

மூணுமடை என்ற ஊரில் மொத்தம் பதினோரு தெருக்கள், இரண்டு மாவு மில்கள், ஒரு பெரிய குளம். அந்தப் பதினோரு தெருவிலும் எவரும் எவரிடமும் ‘போறேன்’ என்று சொல்லி விடைபெற்றது கிடையாது. கடைக்குப் போகிறவர் ‘வாரேன்’ என்றுதான் போவார், துபாய்க்குப் போகிறவரும் ‘வாரேன்’ என்றுதான் போவார், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிற மருமகள்கூட வாசல் வரைக்கும் கத்திவிட்டு, வாசலில் ஒரு நிமிஷம் நின்று ‘வாரேன்’ என்று சொன்ன பிறகுதான் படி இறங்குவாள். அனுப்பி வைக்கிறவர்களும் ‘போயிட்டு வா’ என்று முழுதாகச் சொல்வார்களே தவிர, பாதியில் நிறுத்த மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஆவுடைச்செல்வி என்று பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் இறங்கினால் தண்ணீர் விலகிவிடும்.

எல்லாத் தண்ணீரும் அல்ல. செம்பில் மொண்டு தலையில் ஊற்றினால் ஊற்றியபடி விழும், மழை பெய்தால் மற்றவர்களைப் போல நனைவாள், குடித்தால் தொண்டையில் இறங்கும். குளம், ஆறு, கடல் என்று ஓர் இடத்தைத் தன் வீடாகக் கொண்டு இருக்கிற தண்ணீர்தான் அவள் கால் வைத்ததும் சுற்றிலும் இரண்டு முழம் தள்ளி நிற்கும். அடி வரைக்கும் தள்ளி நிற்கும். அவள் நடந்தால் கூடவே நகரும். வேலம்மாள் தன் மகளுக்கு இப்படி இருப்பதை மூன்று வயதிலிருந்தே கவனித்து வந்தாள் என்றாலும், இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பூனைமுடி அதிகம், வேறொருத்தியின் பிள்ளை இடது கையால் எழுதும், நம் பிள்ளைக்கு இது என்று எடுத்துக்கொண்டு பால் பண்ணையில் பால் அளக்கப் போய்விட்டாள்.

ஆனால் ஆவுடைச்செல்விக்கு அது அப்படி லேசாக இல்லை. சொந்தக்காரர்கள் கடலுக்குப் போனாலும் ஆற்றுக்குப் போனாலும் எல்லாரும் தண்ணீருக்குள் கிடந்து கூத்தடிக்க, அவள் கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். ‘ஆவுடை இருக்கா, அவ பாத்துக்கிடுவா’ என்று கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் காவல் காத்த செருப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி, ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று அவள் வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“யம்மா, எனக்கு நீச்சல் படிக்கணும்.”

“உனக்கா?”

“எனக்குத்தான். இனி யார் செருப்பையும் நான் பாத்துக்கிட மாட்டேன்.”

வேலம்மாள் ஊர்க்குளத்தை நினைத்தாள், ஊரில் நாலு பேர் பார்ப்பார்களே என்றும் நினைத்தாள், நினைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வெளியூர் போனாள்.

முதலில் போன இடத்தில் நீலக் கல் பதித்த குளமும், கழுத்தில் விசில் தொங்குகிற பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார்கள். ஆவுடைச்செல்வி ஏணியில் இறங்க, தண்ணீர் சுற்றிலும் சுவர் போல ஒதுங்கி நிற்க, அவள் நீலத் தரையில் உலர்ந்த காலோடு நின்று அண்ணாந்து பார்த்தாள். பயிற்சியாளர் விசிலை ஊதினார்.

“தொப்பி எங்கம்மா? தொப்பி போடாம இறங்கக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?”

“தலை நனையாதுங்க சார்” என்றாள் வேலம்மாள்.

“நனையுதோ நனையலையோ, தொப்பி தொப்பிதான்.”

அடுத்த தடவை தொப்பி போட்டுக்கொண்டு போனபோது, இங்கே போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம், ஐம்பது மீட்டரை எத்தனை விநாடியில் கடப்பாள் என்று கேட்டார். நடந்தா, நீந்தியா என்று வேலம்மாள் திருப்பிக் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது இடம் ஒரு ஹோட்டலின் நீச்சல் கிளப். அங்கே இருந்த மேனேஜர் நல்ல மனுஷர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஆவுடைச்செல்வி இறங்கியதும் விலகிய தண்ணீர் மேலே ஏறி வந்து அவருடைய ஷூவை நனைத்தது. அவர் காலை உதறிக்கொண்டே விதிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும், அதாவது முப்பத்தாறு விதிகளையும், படித்துப் பார்த்தார்.

“தண்ணி விலகக் கூடாதுன்னு எங்கயும் இல்லை மேடம். ஆனா பாப்பா ஒரு ஆள், எடுத்துக்குற இடம் ஆறு ஆள் இடம். மத்த அஞ்சு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

வீட்டுக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் ஆவுடைச்செல்வி தொப்பியை மடியில் வைத்து மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். பன்னிரண்டு தடவை மடித்தாள். பன்னிரண்டாவது தடவை வேலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “நாலு பேர் பாத்தா பாத்துட்டுப் போறாக” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளை ஊர்க்குளத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

மூணுமடைக் குளத்துக்கு இருபத்தொரு படி. நடுவில் ஒரு கல்தூண், அதற்கு நடுக்கல் என்று பேர். தெற்குப் படித்துறையில் தினமும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் மங்கையர் காலை நீச்சல் கழகம் நீந்தும். உறுப்பினர் ஒன்பது பேர். தலைவி தங்கபுஷ்பம், மேலத்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறவள். எத்தனை குளித்தாலும் புருவத்தில் கொஞ்சம் மாவு இருக்கும். செயலாளர் ஜன்னத், தையல்காரி. ஒன்பது பேருடைய நீச்சல் உடுப்பும் அவள் தைத்தது, முழங்காலுக்குக் கீழே எலாஸ்டிக் வைத்தது. படித்துறைச் சுவரில் ஒன்பது பேருடைய பேரும் பெயின்டில் எழுதியிருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கழக நாள். அன்றைக்கு நீந்தி நடுக்கல்லைத் தொட்டவர்கள் பேர் சுவருக்குப் போகும், மற்றவர்கள் பேர் பக்கத்தில் தொங்குகிற சிலேட்டில் ‘விருந்தாளி’ என்ற தலைப்பில் சாக்பீஸால் இருக்கும். மழை பெய்தால் அழிந்துவிடும்.

“என்னட்டி, நீந்தத் தெரியுமா?” என்றாள் தங்கபுஷ்பம், கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி.

“தெரியாது அத்தை.”

“வேற என்ன குறை?”

“தண்ணி விலகிரும்.”

“வெக்கப்படுதோ என்னவோ. இறங்கு பாப்போம்.”

அவள் இறங்கினாள், தண்ணீர் விலகியது, பதினான்காம் படிக்குக் கீழே பாசி பளபளக்க ஒரு வட்டம் திறந்தது. ஒன்பது பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியும் ஐயோ என்று சொல்லவில்லை. ஜன்னத் மட்டும் கண்ணைச் சுருக்கி, “அந்தா, அது என் கத்திரிக்கோலுல்லா!” என்றாள்.

அது அவளுடைய கத்திரிக்கோல்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் எலாஸ்டிக் வெட்டும்போது விழுந்தது. ஆவுடைச்செல்வி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த நிமிஷமே அவள் பேர் சிலேட்டில் ஏறியது. ஜன்னத் தன் கையால் அளவெடுத்து ஊதா நிறத்தில் உடுப்பு தைத்துக் கொடுத்தாள். தங்கபுஷ்பம் மாவு மில்லில் இருக்கிற நீள பெஞ்சில் அவளைக் குப்புறப் படுக்க வைத்துக் கையும் காலும் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மிளகாய் அரைக்கிற நேரம் தவிர, ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு வீச்சு. கோதுமைக்கு வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்து, “பிள்ளை நல்லா நீந்துதே, பெஞ்சு கரையேறிரும் போல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஊருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: குளத்தின் அடியில் போய் வர ஆள் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் ஆவுடைச்செல்வி எடுத்துக் கொடுத்த பொருள்கள் நாற்பத்து மூன்று. பித்தளைச் செம்பு ஆறு, ஒற்றைக் கொலுசு பதினொன்று (ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை), மூக்குத்தி நான்கு, சாவிக்கொத்து ஏழு, சைக்கிள் மணி ஒன்று, மற்றவை பதின்மூன்று, கடைசியாகப் பல்செட் ஒன்று. பல்செட்டை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. படித்துறைத் திண்டில் மூன்று நாள் இருந்து நான்காம் நாள் தானாகக் காணாமல் போயிற்று, அன்றையிலிருந்து தபால்காரர் நன்றாகச் சிரித்தார். கால் நனையாமல் மறுகரைக்குப் போக வேண்டியவர்கள் அவளுடைய துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடந்தார்கள். வண்டல் எவ்வளவு என்று அளக்க வந்த அதிகாரி தண்ணீர்ச் சுவருக்குள் நீந்துகிற கெளுத்தியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார். ஒரு கல்யாணப் போட்டோக்காரர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் குளத்தின் அடியில் நிறுத்திப் படம் எடுத்தார். ஆவுடைச்செல்வி விலகினால் தண்ணீர் மூடிவிடும் என்பதால் அவள் கல்யாணப் பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் நாற்பது நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் அவளுடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

அவள் நடுக்கல்லை அறுபது தடவை தொட்டிருந்தாள். எல்லாம் நடந்து போய்த் தொட்டது. நீந்தித் தொட்டால்தான் கணக்கு என்று கழகம் சொல்லிவிட்டது.

ஏழு மணி ஆனதும் ஒன்பது பேரும் கரையேறுமுன் தண்ணீரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, “வாரோம்” என்பார்கள். ஆவுடைச்செல்வி தட்டுவதற்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்காது. அவள் இரண்டு முழம் தள்ளி, ஈரம் படாத ஊதா உடுப்போடு நிற்பாள். ஒரு நாள் அப்படி நிற்கும்போது ஜன்னத் வேலம்மாளைக் கேட்டாள்.

“ஏன் மைனி, பிள்ளைக்கு இது பிறவியிலயே உள்ளதா?”

“இல்ல. மூணு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. திருச்செந்தூர்ல கடலுக்குக் கூட்டிட்டுப் போனோம். புதுசா ஒரு சிவப்புச் செருப்பு வாங்கிக் குடுத்திருந்தேன். அலை வந்து வலது கால் செருப்பை இழுத்துட்டுப் போயிட்டு. பிள்ளைக்குக் கோபம் வந்து அலையைப் பாத்து ‘போ’ன்னுட்டா.”

படித்துறையில் ஒன்பது பேரும் தலை துவட்டுவதை நிறுத்தினார்கள்.

“போன்னா?” என்றாள் தங்கபுஷ்பம். “வெறும் போவா?”

“வெறும் போதான்.”

“போயிட்டு வான்னு சொல்லலையா?”

“மூணு வயசுப் பிள்ளை அத்தனையும் எங்க சொல்லும்?”

“ஏளா வேலம்மா, பெத்தவ நீயாவது மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம்லா! பாவம், பன்னெண்டு வருஷமா எந்தத் தண்ணியும் பக்கத்துல வரலாமா கூடாதான்னு தெரியாம நிக்குது.”

காரணம் தெரிந்த பிறகு எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. இனி மிச்சத்தைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் கழகம் இரண்டாகப் பிரிந்தது. ‘போ’ என்று சொன்னதற்கு ஜோடி ‘வா’தான் என்றாள் தங்கபுஷ்பம். அன்றைக்குப் பிள்ளைக்கு மூன்று வயது, இன்றைக்குப் பதினைந்து, வயதில் மூத்த தண்ணீரை வா போ என்று பேசினால் நன்றாகவா இருக்கும், ‘வாங்க’தான் சரி என்றாள் ஜன்னத். கையைத் தூக்கி எண்ணிப் பார்த்ததில் ‘வாங்க’வுக்கு ஐந்து, ‘வா’வுக்கு நான்கு.

ஆவுடைச்செல்வி குளத்துக்குள் நின்று கையைக் கூப்பி, “வாங்க” என்றாள். தன்னைச் சொல்லவில்லை, பின்னால் யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்று நினைத்தது போலத் தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு, தோற்ற நால்வரின் திருப்திக்காக, “வா” என்றாள். அது பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டு எழுப்புவது போல விறைப்பாக இருந்ததால் தண்ணீர் இன்னும் அரை முழம் தள்ளிப் போயிற்று.

“சரி விடு, கழக நாளுக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்கு” என்று சொன்ன தங்கபுஷ்பத்தின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது எதற்கென்று ஆவுடைச்செல்விக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் தங்கபுஷ்பம் அப்படிச் சொல்லும்போது தன் இடது காதைத் தடவிக்கொண்டாள்.

அந்தக் காதில் தோடு கிடையாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய கல்யாணத் தோடுகளில் ஒன்று, சிவப்புக் கல் ஏழு பதித்தது, இந்தக் குளத்தில் விழுந்தது. மற்றொன்றை அவள் கழற்றவில்லை. ஜோடி கிடைத்ததும் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஒற்றைத் தோட்டோடே இருபத்திரண்டு வருஷம் மாவு அரைத்தாள். நாற்பத்து மூன்று பொருள்களில் அது இல்லை.

அன்று மாலை ஆவுடைச்செல்வி மில்லுக்குப் போகவில்லை. வீட்டில் பெஞ்சும் இல்லை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

“யம்மா, தண்ணி என்கிட்ட வந்துட்டா, இவங்க என்னை வரச் சொல்லுவாங்களா?”

“ஏன் சொல்லாம?”

“அடியில யாரு போயி எடுத்துக் குடுப்பா? முன்ன மேல செருப்பு பாத்தேன். இப்ப கீழ செருப்பு பாக்கேன். அவ்வளவுதான வித்தியாசம்?”

பதில் தெரியாத கேள்விகளை வேலம்மாள் அடக்கி வைக்கிற வழக்கம் கிடையாது; மறுநாள் பால் வாங்க வந்த தங்கபுஷ்பத்தின் தூக்குவாளியில் பாலோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் ஊற்றிவிட்டாள். தங்கபுஷ்பம் வாளியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்; அந்த ஒரு வாரமும் மில்லில் அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கம்பு கொடுத்தவர்களுக்குக் கேழ்வரகு மாவு போயிற்று.

கழக நாள் வந்தது. படித்துறையில் மாவிலை கட்டியிருந்தது, ஆண்கள் எல்லாம் எதிர்க்கரையில், அங்கே முன்வரிசையில் தபால்காரர் பல் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள், பத்தாவதாக ஆவுடைச்செல்வி. விசில் ஊதப் போகும் நேரத்தில் தங்கபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள். வலது காதிலிருந்த தோட்டின் திருகைக் கழற்றினாள்; இருபத்திரண்டு வருஷமாகக் கழற்றாத திருகு என்பதால் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஜன்னத் வந்து தேங்காய் எண்ணெய் வைத்து உதவினாள். கழற்றியதை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, குளத்துக்குள் எறிந்தாள்.

“ஏ தங்கம், கிறுக்கு பிடிச்சிட்டா?” என்றது எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல். அது அவளுடைய புருஷன்.

“ரெண்டும் ஒரே இடத்துல கிடக்கட்டும். ஜோடியைப் பிரிச்சு வச்ச பாவம் எனக்கு வேண்டாம்” என்று அவருக்குச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “இனி இங்க தேட ஒண்ணும் இல்லட்டி. நீந்த வந்தவ நீந்து. தண்ணி வரலைன்னாலும் சரி, நாளைக்கு ஆறு மணிக்கு வந்து சேரு, ரெண்டு முழம் தள்ளி நின்னு கதை பேசிட்டுப் போ...யிட்டு வா.”

பாதியில் நிற்கத் தெரிந்த வார்த்தையை அவள் எட்டிப் பிடித்து முழுசாக்கியதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடைச்செல்விக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பதினான்காம் படியில் கால் வைத்தாள். தண்ணீர் விலகியது. அவள் அதைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தான் ஒருத்திதான் கரையில் நின்றோம் என்று நினைத்திருந்தாளே, தண்ணீரும் அத்தனை வருஷம் அதன் கரையில் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. கையைக் கூப்பவில்லை, குரலை உயர்த்தவில்லை. வீட்டு வாசலில் வந்து உள்ளே வரத் தயங்கி நிற்கிற கூட்டாளிப் பிள்ளையைக் கூப்பிடுவது போல, தலையை லேசாகச் சாய்த்து,

“வாயேன்” என்றாள்.

தண்ணீர் ஓடி வரவில்லை. முதலில் அவள் வலது கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தது. கோபம் இல்லை என்று தெரிந்ததும் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, அங்கே கொஞ்சம் யோசித்தது, பிறகு பன்னிரண்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் நடந்து வந்ததைப் போல அவளை மொத்தமாக எடுத்து மூடிக்கொண்டது. அவள் உள்ளே போனாள், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது, அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. மேலே வந்தாள். மாவு மில் பெஞ்சின் ஞாபகம் கைகளுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வீசினாள். ஒரு பக்கம் தங்கபுஷ்பமும் மறுபக்கம் ஜன்னத்தும், தொடாமல், தொடுகிற தூரத்தில் வந்தார்கள். ஒன்பது வீச்சில் மூச்சு தீர்ந்துவிட்டது. நடுக்கல்லுக்கு நாற்பத்தெட்டு வீச்சு வேண்டும். ஒன்பதாவதில் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

சுவரில் பேர் எழுதலாமா என்ற கேள்வி அன்றைக்கே வந்தது. ஜன்னத் விதியைப் படித்தாள்: உறுப்பினர் நீந்த வேண்டும், நடுக்கல்லைத் தொட வேண்டும். பிள்ளை நீந்தியிருக்கிறாள், ஒன்பது வீச்சு. கல்லைத் தொட்டிருக்கிறாள், அறுபது தடவை. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்க, தங்கபுஷ்பம் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். பத்தாவது வரியில் ஆவுடைச்செல்வி என்று பெயின்டில் எழுதினார்கள். கடைசி எழுத்தின் மேல் தங்கபுஷ்பத்தின் கைமாவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பும்போது ஆவுடைச்செல்வி உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினாள். ஈரமாக இருந்தது. “வாரேன்” என்றாள். படியேறித் தன் செருப்பை மாட்டப் போனபோது கூடவே ஒரு சலசலப்பு கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். விருந்தாளியைத் தெருமுனை வரைக்கும் வந்து அனுப்பி வைக்கிறவர்களைப் போல, தண்ணீர் ஏழு படி ஏறி, செருப்புகள் கிடக்கிற படி வரைக்கும் வந்து, திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த அந்தப் படியில் பத்து ஜோடிச் செருப்புகளுக்குப் பக்கத்தில், மூன்று வயதுப் பிள்ளையின் கால் அளவுக்கு, ஒரு சிவப்புச் செருப்பு கிடந்தது. வலது கால்.

தங்கபுஷ்பம் அதைக் குனிந்து பார்த்தாள், வெறுங்காதுகள் இரண்டையும் தொட்டுக்கொண்டாள், குளத்தைப் பார்த்து, “கேட்டா குடுப்பேன்னு நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

ஆவுடைச்செல்வி அந்தச் சின்னச் செருப்பை எடுத்து மண்ணைத் தட்டி, மற்றவற்றோடு வரிசையில் வைத்தாள். எண்ணிப் பார்த்தாள். பத்து ஜோடி, ஒரு ஒற்றை. அதற்குக் காவல் யாரும் வேண்டியிருக்கவில்லை.